ஆரும் சாகாத துக்கமணி

கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்றுதான் காத்திருந்தேன். ஆறவில்லை. ஆகவே கோபத்தோடேயே எழுதுகிறேன்.

முதலில் ஒரு பொது உண்மை. எங்கள் ஊரில் "கோயிலுக்குப் போறன்" என்று சொல்லிவிட்டு ஒருவர் வெளிக்கிட்டால், அவர் எங்கே போகிறார் என்பது ஆண்டவருக்கு மட்டும்தான் தெரியும். (நாங்கள் கத்தோலிக்கர். மாதா கோயிலைத்தான் கோயில் என்கிறோம்.) பூசைக்கும் கோயில், ரியூசனுக்கும் கோயில் மண்டபம், உதைபந்துக்குக் கோயில் வளவு. டெங்குக் கூட்டம், கண் பரிசோதனை, மாதர் சங்கத்துச் சண்டை எல்லாம் அங்கேதான். செத்தவீட்டுக்கு வேண்டிய கதிரைகளும் தகரப் பந்தலும்கூட மண்டபத்தின் பின்னறையில்தான் அடுக்கிக் கிடக்கின்றன. அயலிலுள்ள சைவக்காரரும் வந்து எடுத்துப்போவார்கள். ஆகவே ஒரு பதினாறு வயதுப் பொடியன் படலையில் நின்று "கோயிலுக்கு" என்று சொன்னால் எந்தத் தாயும் வாயைத் திறக்க முடியாது.

என் மகன் ஜெறோம் அன்று பின்னேரம் அதைத்தான் சொன்னான். நானும் வாயைத் திறக்கவில்லை.

பொழுது பட்டது. ஆள் வரவில்லை. அவனுடைய போன் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. மற்றத் தாய்மார் மழை இருட்டினால் கொடியில் கிடக்கும் உடுப்பை எடுக்க ஓடுவார்கள். நான் பிள்ளைக்கு மின்னல் விழுந்தால் எந்த ஆசுப்பத்திரி கிட்ட என்று யோசிப்பவள். பேப்பரைத் திறந்தால் வாள்வெட்டு, போதை, மோட்டார்சைக்கிள். போதாதற்கு, என் அண்ணன் சண்டைக் காலத்தில் ஒரு பின்னேரம் "உதிலை, பக்கத்திலை போட்டு வாறன்" என்று சைக்கிளில் போனவர். இன்னும் வரவில்லை. அதற்கு மேல் அதைப்பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

என் கணவர் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தார்.

"இஞ்சாருங்கோ, பிள்ளையைக் காணேல்லை."

"கோயிலுக்குத்தானே போனவன். வருவான்."

"இருண்டு போச்சு."

"கோயிலிலை லைற் இருக்குது."

(இந்த மனிதருக்கு நான் ஏன் கழுத்தை நீட்டினேன் என்று இருபது வருடமாக யோசிக்கிறேன்.)

போனை எடுக்கவும் மறந்து ஓடினேன். கோயில் பூட்டு. மண்டபம் பூட்டு. பாதர் பக்கத்து ஊர்ப் பங்குக் கோயிலுக்குப் போய்விட்டார். வளவில் ஒரு குஞ்சு குருமான் இல்லை. கிணற்றுக் கட்டில் ஜெறோமின் சைக்கிள் சாய்ந்து நின்றது. அதற்குப் பக்கத்தில் ஒரு செருப்பு. ஒன்றே ஒன்று. அவனுடையது.

கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து "ஜெறோம்!" என்று கத்தினேன். கிணறும் "ஜெறோம்" என்றது. உள்ளே கருந்தண்ணீர் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஆட்களைக் கூப்பிட வேண்டும், எல்லாரையும் ஒரேயடியாகக் கூப்பிட வேண்டும். கண்முன்னே மணிக்கயிறு தொங்கியது. பாய்ந்து பிடித்தேன்.

எங்கள் மணிக்கு இரண்டு விதமான அடி உண்டு. பூசைக்கு என்றால் மூச்சு விடாமல் அடிப்பார்கள். ஊரில் யாரும் இறந்தால் ஒன்று அடித்து, அந்தச் சத்தம் அடங்கும் வரை நின்று, பிறகு அடுத்தது அடிப்பார்கள். அதுதான் துக்கமணி. இது எனக்குத் தெரியாததல்ல. நான் மூச்சு விடாமல் அடிக்கத்தான் தொடங்கினேன். ஆனால் அந்த மணி ஒரு தடித்த ஆம்பிளைக்கென்று வார்த்த மணி. நானோ சேலையோடு நிறுத்தாலும் நாற்பத்தைந்து கிலோ தேறாதவள். ஒருமுறை இழுத்தேன். கயிறு என்னையும் தூக்கிக்கொண்டு மேலே போனது. இறங்கி, மூச்சு வாங்கி, மறுபடி இழுத்தேன். டாங். மூச்சு. டாங். மூச்சு. ஊஞ்சலின் தத்துவத்தை வருடா வருடம் வகுப்பில் படிப்பிக்கும் விஞ்ஞான ரீச்சர் நான்! அன்றைக்கு ஒரு தத்துவமும் உதவிக்கு வரவில்லை.

கயிறும் ஏணியுமாக ஊர் ஓடிவரும் என்று நினைத்தேன். ஊர் சிலுவை போட்டது. "ஆராம்?" என்று வேலிக்கு மேலால் கேட்டது. பிறகு தானே பதிலும் சொன்னது: "வேறை ஆர், சவிரிமுத்து ஐயாதான்." அவர் ஒரு மாதமாகப் படுக்கையில் கிடந்த பழைய லொறிச் சாரதி. செத்தவருக்கு என்ன அவசரம்? பெண்கள் போனால் எப்போது திரும்புவோமோ என்று பிள்ளைகளுக்குச் சோறு போட்டார்கள். ஆண்கள் குளித்தார்கள். ஒருவர் சவரம்கூடச் செய்தாராம். நான் அங்கே உயிர் போகக் கயிற்றில் தொங்குகிறேன், இவர்கள் சவரம் செய்கிறார்கள்!

முதலில் வந்தது சிவபாலன் அண்ணையின் உழவுயந்திரம். பக்கத்து வீட்டுச் சைவக்காரர். கதிரை ஏற்ற வந்திருந்தார்.

"எத்தினை கதிரை ரீச்சர்? நூறு காணுமோ?"

"கிணறு! அண்ணை, கிணறு!"

"கிணத்தடியிலையோ பந்தல்?"

"பிள்ளை, அண்ணை! என்ரை பிள்ளை!"

அந்த மனிதரின் முகம் மாறியதை மறக்க மாட்டேன். சாரத்தை மடித்துக் கட்டி, உழவுயந்திரத்தில் கிடந்த கயிற்றைக் கப்பிக் கட்டையில் முடிந்துகொண்டு இறங்கிவிட்டார். அன்றைக்கு என் கோபத்துக்குத் தப்பியவர் அவர் ஒருவர்தான்.

என் கணவர் அப்போதுதான் வந்தார். குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, கக்கத்தில் குடையோடு.

"நீ இஞ்சை என்ன செய்யிறாய்? செத்தவீடு எங்கை?"

நான் பதில் சொல்லத் தேவைப்படவில்லை. ஒழுங்கைப் பக்கமிருந்து வெறுங்காலோடு ஒருவன் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"அம்மா, ஆர் மோசம் போனது?"

ஜெறோம்.

அதே நேரம் கிணற்றுக்குள்ளிருந்து சிவபாலன் அண்ணையின் குரல்: "ரீச்சர், இஞ்சை ஒரு வாளியைத் தவிர ஒண்டுமில்லை!"

பிள்ளையைக் கட்டிப்பிடித்து அழுதேன் என்று எழுத ஆசைதான். நான் விட்டேன் ஓர் அறை. மற்றக் கையில் கயிறு இருந்ததால் மணியும் கூடவே ஒருமுறை அடித்தது. படலையடியில் ஒரு பெண் "ஐயோ, ரெண்டாவது ஆள் ஆர்?" என்று கேட்டது எனக்கு நன்றாகக் கேட்டது.

நடந்தது இவ்வளவுதான். சைக்கிள் ரியூப் காற்றுப் போயிற்று. ஒரு செருப்பு அறுந்தது, மற்றதை நாய் கொண்டுபோய்விட்டது. போனுக்குச் சார்ஜ் இல்லை. என் மகனார் நண்பனின் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

"எங்கையடா போனனீ?"

"சவிரிமுத்து ஐயா வீட்டை. இளைஞர் மன்றத்தாலை முறை வைச்சு அவரோடை இருக்கிறம். இண்டைக்கு என்ரை முறை."

"கோயிலுக்கெண்டெல்லோ சொன்னனீ!"

"அது கோயில் வேலைதானே அம்மா."

அதற்குள் பாதி ஊர் அந்த வீட்டு முற்றத்தில் ஒப்பாரி வைத்தபடி நின்றது. கனடாவிலுள்ள அவர் மகளுக்கு யாரோ அஞ்சலி மெழுகுதிரிப் படமே அனுப்பிவிட்டார்கள். அவள் கதறிக்கொண்டு போன் எடுக்க, கிழவர் தானே வாங்கிப் பேசினாராம்: "நான் இன்னும் போகேல்லையடி. போகேக்கை சொல்லிப்போட்டுப் போறன். வை போனை." பிறகு எழும்பி இருந்து தேத்தண்ணி கேட்டாராம். அன்றிலிருந்து அவருக்கு நல்ல சுகம். ஊர் அதை என் கணக்கில் புதுமை, அதாவது அற்புதம், என்று எழுதிவிட்டது. அதுவும் நக்கல்தான்.

அடுத்த ஞாயிறு பாதர் பிரசங்கத்தில், பெயர் சொல்லாமல், விசுவாசக் குறைவு உள்ள ஒரு தாயைப் பற்றிப் பேசினார். பெயர் சொல்லாத அந்தத் தாயை ஊரே திரும்பிப் பார்த்தது. பாதர் நல்லவர். பிள்ளை இல்லாதவர். அவ்வளவுதான் சொல்வேன். பங்குச் சபை கூடி, மணிக்கயிற்றை யாரும் எட்டாத உயரத்தில் ஓர் ஆணியில் கொழுவி வைத்தது. அதற்கு "றெஜினா ரீச்சற்றை ஆணி" என்று பெயர். நேற்று முளைத்த பொடியள்கூட அப்படித்தான் சொல்கிறார்கள்.

எல்லாவற்றிலும் மோசமானவன் என் மகன். இப்போது எங்கே போனாலும் போனில் ஒரு செய்தி அனுப்புவான்: "கோயில். மண்டபம். யன்னலோரக் கதிரை. உயிரோடை." அல்லது: "இணுவில். ரியூசன். பின்வரிசை வாங்கு. உயிரோடை." தகப்பன் அதை உரக்க வாசித்து விழுந்து விழுந்து சிரிப்பார். வந்த உறவினருக்கும் வாசித்துக் காட்டுவார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு குசினிக்குள் போய்விடுவேன்.

போன கிழமை வந்த செய்தியில், "உரும்பிராய். அனோஜன் வீடு. சாப்பாட்டு மேசை" என்று மட்டும் இருந்தது. உடனே அழைத்தேன்.

"என்னம்மா?"

"கடைசிச் சொல்லைக் காணேல்லை."

"ஐயோ அம்மா, அவசரத்திலை விட்டுட்டன்."

"அவசரமெண்டால் மற்றதுகளை விடு," என்றேன்.