மச்சானுக்கு வாங்கிய முன் ஷொக்

தெரியாத விஷயத்தில் வாயை மூடிக்கொண்டிருக்க எனக்கு நாற்பது வயது வரை தெரியாது. நாற்பதுக்குப் பிறகு தெரிந்துகொண்டேன். அந்தப் பாடத்துக்கான செலவை என் மனைவியின் தம்பி மோகன் கட்டினான்.

நான் யாழ்ப்பாணத்தான், ஹட்டனில் பௌதிகம் படிப்பித்தவன். இந்த இரண்டில் ஒன்று மட்டும் நானாக இருந்திருந்தால் அவன் தப்பியிருப்பான். பௌதிகம் படித்ததால் எந்தப் பொருள் ஏன் அசைகிறது என்று எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் பிறந்ததால் சைக்கிளைப் பற்றி வேறு யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. (எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் நடை பழகுவதே சைக்கிளைப் பிடித்துக்கொண்டுதான்.) அங்கே நான் ஏறி இறங்கிய ஒரே மேடு ரயில் கடவை என்பது மட்டும் அப்போது உறைக்கவில்லை.

மோகன் தலவாக்கலைக்கு மேலே ஒரு தோட்டத்துத் தொழிற்சாலையில் டீமேக்கர் வேலை பழகிக்கொண்டிருந்தான். ரோலரில் அரைபட்ட கொழுந்தைப் பரப்பி வைத்தால் பச்சை வாசம் மெல்ல மாறும். சரியான வாசம் வந்ததும் அதை அடுப்புக்கு அனுப்ப வேண்டும். முந்தினால் தேயிலை கசக்கும், பிந்தினால் சப்பென்று போகும். அதை மணிக்கூடு சொல்லாது. ஒருவர் ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும். மோகனுக்கு அந்த மூக்கு இருந்தது. தோட்டத் தொழிலாளரின் லயத்தில் பிறந்த ஒருவன் அந்த வேலைக்கு வருவது அந்தக் காலத்தில் லேசில் நடக்கிற காரியமல்ல. வருஷ முடிவில் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அவனுடைய தாய் அதை எல்லோரிடமும் சொல்லி முடித்து, இரண்டாம் சுற்றும் தொடங்கியிருந்தார்.

வேலைக்குப் போய்வர அவனிடம் ஒரு மவுண்டன் சைக்கிள் இருந்தது. ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்தது. பின்பக்கம் சாதாரண சைக்கிள்தான். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு கால்களுக்குள் மட்டும் ஸ்பிரிங் இருக்கும். அதைத்தான் ஷொக் என்போம். தோட்டத்துக் கல் ரோட்டில் கைகளைக் காப்பாற்றுவது அதுதான். மழையும் சேறும் புகுந்து அது இறுகிவிட்டது. தொழிற்சாலைக்குப் போய்ச் சேரும்போது விரல்கள் மரத்துப்போகின்றன என்றான். கொழுந்து குவிகிற காலம், அவனுக்கு லீவு கிடைக்காது. எனக்குப் பாடசாலை விடுமுறை. கண்டிக்குப் போய் வாங்கி வருகிறேன் என்று நானாகவே சொன்னேன்.

பழைய ஷொக்கைக் கழற்றிச் சாக்கில் கட்டித் தந்தான். “இதே மாதிரி பழசு ஒண்ணு வாங்கிட்டு வாங்க அத்தான். புதுசெல்லாம் வேணாம்.”

போர்க்காலம் அது. வழியில் ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். அடையாள அட்டையில் யாழ்ப்பாணம், மடியில் சாக்கு, சாக்குக்குள் இரண்டு இரும்புக் குழாய்கள். வேறென்ன வேண்டும்? என்னை மட்டும் இறக்கினார்கள்.

“மே மொகக்த?” இது என்ன என்று கேட்டான் சிப்பாய். என் வகுப்பில் கடைசி வாங்கில் இருக்கக்கூடிய வயது.

“பைசிகல்,” என்றேன். சைக்கிளின் மிச்சம் எங்கே என்று அவன் தேடினான். உள்ளே ஸ்பிரிங் இருக்கிறது, அமுக்கினால் அமுங்கும் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்திலும் கையசைவிலும் விளக்கினேன். அமுக்கிக் காட்டச் சொன்னான். ரோட்டில் ஊன்றி முழுப் பலத்தோடு அமுக்கினேன். அமுங்கவில்லை. (அமுங்காததால்தானே மாற்றப் போகிறேன். இதைச் சிங்களத்தில் சொல்லும் அளவுக்கு எனக்குப் படிப்பு இல்லை.) பஸ் முழுவதும் ஜன்னலில் தலையை நீட்டியிருக்க, நான் ஷொக்கின் மேல் ஏறாத குறையாகத் தொங்கிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவனுக்கே அலுத்துவிட்டது, போகச் சொன்னான். திரும்பி ஏறியபோது கண்டக்டர் “என்ன மாஸ்டர், விக்கப் போறீங்களா?” என்றான். பஸ் சிரித்தது.

இதை ஒரு சாட்டாகச் சொல்லவில்லை. ஆனால் கண்டியில் அந்தக் கடைக்குள் நுழைந்தபோது நான் எப்படிப்பட்ட மனிதனாக இருந்தேன் என்பது தெரிய வேண்டும். கடைக்காரர் என்னை “சேர்” என்றார், கதிரை போட்டார், பிளேன்டீ வரவழைத்தார். அன்று காலையிலிருந்து என்னை மனிதனாகப் பார்த்த முதல் ஆள். அவர் எதைக் காட்டினாலும் வாங்கியிருப்பேன்.

மூன்றைக் காட்டினார். ஒன்று ஸ்பிரிங்கே இல்லாதது. இரண்டாவது நான் கொண்டுபோனதன் தம்பி போல இருந்தது. பழசு, கொஞ்சம் கீறல், அமுக்கினால் அழகாக அமுங்கியது. மூன்றாவது புத்தம் புதிது, ஏதோ ஒரு பெரிய கம்பெனி மாடலைப் பார்த்துச் செய்தது. அதன் இரண்டு கால்களும் சைக்கிள் கழுத்தின் இரு பக்கமும் மேலே ஏறி, ஹாண்டிலுக்குக் கீழே இன்னொரு பட்டையில் பூட்டியிருந்தன, மோட்டார் சைக்கிளில் இருப்பது போல. சிவப்பு நிறம். அதுவும் பழையதும் ஒரே விலை.

“வெள்ளைக்காரன் மலையெறங்க ஓட்டுறது சேர் இது,” என்றார். “படிச்ச ஆள், உங்களுக்கு நான் சொல்லணுமா?”

சொல்ல வேண்டியதில்லை என்று நானும் நினைத்தேன். இரண்டு இடத்தில் பிடித்தால் ஒரு இடத்தில் பிடித்ததைவிடப் பலம். பத்தாம் வகுப்புப் பௌதிகம். சிவப்பை வாங்கினேன். திரும்பி வரும்போது சாவடியில் என்னை யாரும் மறிக்கவில்லை. அதுகூடக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. இது நன்றாக அமுங்கும்.

தலவாக்கலை பஜாரில் சைக்கிள் கடைக்காரர் பூட்டித் தந்தார். மோகன் ஏறி உட்கார்ந்து ஹாண்டிலைத் திருப்பினான். கால் பங்கு திரும்பியதும் ‘டக்’ என்று நின்றது. மேலே ஏறியிருந்த கால்கள் சைக்கிள் சட்டத்தில் முட்டின. மறுபக்கம் திருப்பினான். அங்கேயும் டக்.

“அத்தான், திரும்ப மாட்டேங்குதே.”

நானும் பார்த்தேன். இதுதான் என் குற்றம், வேறெதுவும் இல்லை. திரும்பவில்லை என்று என் கண்ணாலேயே பார்த்தேன். மறுபடி கண்டி, மறுபடி சாவடி, கடைக்காரரிடம் பிழையாக வாங்கிவிட்டேன் என்று சொல்வது, எல்லாம் ஒரு கணத்தில் மனதில் ஓடியது. அடுத்த கணம் விரிவுரையைத் தொடங்கிவிட்டேன்.

“வேகமாப் போகேக்க ஹாண்டிலை ஆர் மோகன் திருப்புறது? உடம்பைச் சரிச்சாலே சைக்கிள் திரும்பும். நான் உமக்குப் படிப்பிச்சதெல்லே, மறந்திட்டீரோ?”

கடைப் பலகையில் சோக்கால் படமும் கீறினேன். உயர்தரத்தில் அவனுக்குப் பௌதிகம் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். அவன் படத்தையும் என்னையும் பார்த்தான்.

“நீங்க சொன்னாச் சரிதான் அத்தான்,” என்றான்.

மறுநாள் காலை மாமனார் வீட்டு வாசலில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்று அவன் இறங்குவதைப் பார்த்தேன். தொழிற்சாலைக்குப் போகும் ரோடு மலையில் வளைந்து வளைந்து இறங்கும். முதல் வளைவில் அகலமாக எடுத்து, உடம்பைச் சரித்துத் திரும்பினான். இரண்டாவதும் அப்படியே. “பாரும், போறான்,” என்று என் மனைவி சரோஜாவிடம் சொன்னேன். மூன்றாவது வளைவில் கொழுந்து லொறி ஏறி வந்தது. ஓரம் கொடுக்க வேகத்தைக் குறைத்தான். குறைத்தால் சரிய முடியாது, ஹாண்டிலைத்தான் திருப்ப வேண்டும். என் விரிவுரையில் இன்றும் பிழை இல்லை. அதில் லொறி இல்லை, அவ்வளவுதான்.

சைக்கிள் நேரே போனது. ரோடு மட்டும் திரும்பியது. கீழே கல்லுக்கட்டில் அவனுடைய நெற்றி அடிபட்ட சத்தம் எனக்குக் கேட்கவில்லை, அவ்வளவு தூரம். கேட்டதாகவே இன்னும் நினைவிருக்கிறது.

நுவரெலியா ஆஸ்பத்திரியில் பத்துத் தையல் போட்டு, எலும்பு முறியவில்லை என்றார்கள். மாமியார் அழுது முடித்துக் கும்பிட்டார். நான் நிம்மதியில் “ஷொக்குக்கும் ஒண்டும் ஆகேல்லை” என்று ஒரு பகிடியும் விட்டேன். சரோஜா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

வீட்டுக்கு வந்த அன்று அவனுக்குப் பிடிக்குமே என்று கருவாடு பொரித்தார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, “இன்னைக்கு என்ன கறி?” என்று கேட்டான். பகிடி விடுகிறான் என்று எல்லோரும் சிரித்தோம்.

வேலைக்குத் திரும்பிய முதல் வாரமே ஒரு மேசையில் பரப்பிய கொழுந்து நேரம் தாண்டிப்போய் முழுதும் பழுதாகிவிட்டது. டீமேக்கர் கூப்பிட்டனுப்பினார். அவனுக்காகப் பேசுகிறேன் என்று நானும் போனேன். அவர் வயதானவர், நல்ல மனிதர். மோகனைக் கண்ணை மூடச் சொன்னார். இயந்திரம் துடைக்கிற மண்ணெண்ணெய்த் துணியை எடுத்து அவன் மூக்குக்குக் கீழே பிடித்தார்.

“என்ன தம்பி இது?”

மோகன் ஆழமாக இழுத்தான். கொஞ்சம் யோசித்தான்.

“கொழுந்துத் தூளுங்க ஐயா. இன்னும் கொஞ்ச நேரம் விடலாங்க.”

பக்கத்தில் நின்றவர்களில் ஒருவர் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். டீமேக்கர் துணியை மடித்துப் பின்னால் மறைத்தார். “சரி தம்பி, கண்ணத் தொற,” என்றார். அவனுக்காகப் பேசப் போன நான் எதுவும் பேசவில்லை. என் வாழ்க்கையில் முதல் தடவை.

அடிபட்ட வாசனை நரம்பு சில பேருக்குத் திரும்பி வரும் என்று டாக்டர் சொன்னார். மோகனுக்கு வரவில்லை. அதே தொழிற்சாலையில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் வேலை கொடுத்தார்கள். அந்த வேலையிலேயே ஓய்வு பெற்றான். நான் வாங்கியிருக்கக் கூடாது என்று ஒரு நாள் அவனிடம் சொன்னேன். “ஓட்டினது நான்தானே, விடுங்க அத்தான்,” என்றான். திட்டியிருக்கலாம்.

அதற்குப் பதிலாக அவன் கண்டுபிடித்த தண்டனை வேறு. எங்கள் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி கொடுத்தால், “சொல்லுங்க அத்தான், எப்படி இருக்கு?” என்பான். நான் முகர்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும். பச்சை வாசமா, பழ வாசமா, அடுப்பில் கூடினதா? நான் சொன்ன பிறகுதான் குடிப்பான். அவனுடைய பிள்ளைகளுக்கு இது பெரிய விளையாட்டு. “மாமா இன்னும் மோந்து பார்க்கலயா? ஆறப்போகுது,” என்பார்கள். கல்யாண வீடுகளில்கூட என் முன்னால் கோப்பையை நீட்டுகிறார்கள். நானும் சிரித்துக்கொண்டே சொல்லி வந்தேன்.

போன தீபாவளிக்கு மோகன் குடும்பத்தோடு வந்திருந்தான். பேச்சு வாக்கில் அவன் ஒரு வாய் குடித்துவிட்டு, அப்புறம் நினைவு வந்து கேட்டான். என் கோப்பையை மூக்கருகே பிடித்து, “நல்ல பூ வாசம், உயரத்துத் தேயிலை,” என்றேன். அறையே சிரித்தது. சரோஜா அன்று கொடுத்தது இஞ்சித் தேத்தண்ணி. தெரு வரைக்கும் இஞ்சி வாசமாம்.

மோகன் சிரிக்கவில்லை. இஞ்சியின் காரம் அவன் நாக்கில் இருந்திருக்கும். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் குனிந்தான்.

“எப்ப இருந்து அத்தான்?”

“ரெண்டு வருஷமாகுது. வயசு போனா இப்பிடித்தானாம்,” என்றேன்.

அவன் என் கோப்பையை வாங்கி சரோஜாவிடம் நீட்டினான்.

“அக்கா, இனி நீதான் சொல்லணும். இங்க ரெண்டு பேரு இருக்கோம்.”