நாலு விரல் பாக்கி

வங்கியில் வேலை பார்க்கும் கேப்டன். தென்னூர் டாக்டரம்மா. மலைக்கோட்டை அடிவாரத்தில் துணிக்கடை வைத்திருக்கும் பாய். பாய்லர் கம்பெனி வெல்டர்கள் இரண்டு பேர், அண்ணன் தம்பி. ஸ்ரீரங்கத்தில் கல்யாணச் சமையல் பார்க்கும் சாமி. இவர்கள் எல்லாரும் சைக்கிளில். பின்னால் தண்ணீர் கேனோடு குட்டியானை வண்டியில் நான். எங்களுக்கு நடுவே நாலு விரல்.

இதுதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்.

உலகத்தில் எல்லாரும் சைக்கிள் ஓட்டுவதற்காக டயர் மாட்டுவார்கள். டயர் மாட்டுவதற்காகவே சைக்கிள் ஓட்டியவர் நாலு விரல் ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயர் கேப்டனின் போனில் இருக்கும். எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

தென்னூரில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். வயது ஐம்பதுக்கு மேல். ஃபிரேமுக்குள் கண்ணாடியை அழுத்தி அழுத்தி அவருடைய கட்டைவிரல் இரண்டும் தட்டையாகப் போயிருந்தன. அந்த விரல்கள் மேல் அவருக்கு அபார நம்பிக்கை.

ரோட் பைக் என்று இவர்கள் சொல்லும் சைக்கிளுக்கு ஒல்லி டயர். நம் வீட்டுச் சைக்கிள் டயர் மாதிரி சொன்னபடி கேட்காது. முக்கால்வாசி சும்மா ஏறிவிடும். கடைசியில் நாலு விரல் அகலத்துக்கு ரிம்முக்கு வெளியே முறைத்துக்கொண்டு நிற்கும். மற்றவர்கள் பிளாஸ்டிக் நெம்புகோலால் அதைத் தள்ளி உள்ளே போட்டுவிடுவார்கள். இவர் அதைத் தொடமாட்டார்.

"அதைப் போட்டா உள்ள இருக்கிற ட்யூப் கடிபடும்ங்க. கட்டைவிரல் கடிக்காது" என்பார்.

எவ்வளவு நேரம் ஆகும் சார் என்று கேட்டால், "நாலு விரல்தான் பாக்கி" என்பார். பத்து நிமிஷம் கழித்துக் கேட்டாலும் அதே பதில். வெயில் ஏறிக் கேட்டாலும் அதே பதில். கடைக்கு டைல்ஸ் போடும் வேலை எப்படிப் போகிறது என்று டாக்டரம்மா ஒருநாள் விசாரித்தார். அதற்கும் நாலு விரல் பாக்கி என்றார். அன்றைக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

லேசாக ஏறும் டயரை வாங்கலாமே என்று கேட்கலாம். கேட்டார்கள். சைக்கிள் கடைக்காரர் இரண்டு டயர் எடுத்துப் போட்டால், இரண்டையும் ரிம்மில் வைத்துப் பார்த்து, சுலபமாக ஏறியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவார். லூசான ஃபிரேம் மூக்கில் நிற்காது, லூசான டயர் ரோட்டில் நிற்காது என்பது அவர் கட்சி.

ஒருமுறை முக்கொம்பில் பஞ்சர். நாலு விரல் மரத்தடியில் உட்கார்ந்து டயரோடு மல்லுக்கட்டினார். டயரின் ஓரத்தை ரிம்மின் நடுப் பள்ளத்தில் இறக்கிக்கொண்டே வந்தால் மேலே இடம் கிடைக்கும் என்று எங்களுக்குப் பாடமும் நடத்தினார். அன்றைக்கு அதிசயமாகச் சீக்கிரம் ஏறிவிட்டது. வெல்டர்கள் கை தட்டினார்கள். பம்ப்பை எடுத்தார். காற்று அடிக்க வால்வைத் தேடினார். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றித் தேடினார்.

சமையல் சாமி மெதுவாகக் கேட்டார். "ஸ்வாமி, திருக்கழுத்துல சாத்திண்டிருக்கறது என்ன?"

ட்யூப்.

முழு டயரையும் மறுபடி கழற்றினார். முகம் மட்டும் மாறவில்லை. "இப்ப வழி பழகிடுச்சு. இனிமே சுலபம்" என்றார். சுலபமாக இல்லை.

இன்னொரு முறை சோப்புத் தண்ணீர் போட்டால் வழுக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். சோப்பு இல்லை. என் வண்டியில் வாழைப்பழம் இருந்தது. தோலை உரித்து ரிம் முழுக்கத் தேய்த்தார். டயர் ஏறியது. ஆனால் அடுத்த ஊரில் இரண்டு ஆடுகள் அவர் சக்கரத்தை முகர்ந்துகொண்டு பின்னாலேயே வந்தன. அவர் வேகமாகப் போனார், ஆடுகளும் வேகமாக வந்தன. அவர் இறங்கி அதட்டினார், ஒன்று டயரை நக்கியது. பார்த்தால் ஆடு மேய்க்க வந்தவர் மாதிரியே இருந்தது. ஆடுகளுக்குச் சொந்தக்காரர் ஓடி வந்து, என்ன சார் ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போறீங்க என்று சண்டைக்கு நின்றார். பாய்தான் பேசி அனுப்பினார்.

இப்படி வாராவாரம் போனால் யாருக்குத்தான் பொறுக்கும். டாக்டரம்மாவுக்குக் கிளினிக். பாய்க்குக் கடை. கேப்டன் ஒரு சட்டம் போட்டார். பஞ்சர் ஆனால் பதினைந்து நிமிஷம். அதற்குள் முடியாவிட்டால் சைக்கிள் குட்டியானையில் ஏறவேண்டும். நாலு விரலுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று சொன்னார். அடுத்த வாரம் தொட்டியம் போகிறோம், அன்றைக்கும் ஏற்றும்படி ஆனால் அதோடு நீங்கள் கூட்டத்துக்கு வரவேண்டாம்.

அந்தச் சனிக்கிழமை நாலு விரல் என் வண்டி நிற்கும் இடத்துக்கு வந்தார். கொஞ்ச நேரம் டயர்களைப் பார்த்தார். என் வண்டி டயர்களை.

"நாளைக்கு உங்க வண்டி ஸ்டார்ட் ஆகலன்னா என்ன ஆகும் தம்பி?"

"வேற வண்டி வரும் சார்."

தலையாட்டினார். போகவில்லை.

"வாரம் பூரா கடைக்கு வர்றவங்க கண்ணாடிக்கு வர்றாங்க. ஞாயித்துக்கெழமை ஒருநாள்தான் எனக்காக நாலு பேரு நிக்கிறாங்க. திட்டிக்கிட்டுதான் நிக்கிறாங்க. ஆனா நிக்கிறாங்கள்ல."

டீ சொன்னேன். குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் விடியும்போது ஸ்ரீரங்கம் தெற்கு கோபுரத்திலிருந்து கிளம்பினோம். டோல்கேட் தாண்டியாயிற்று. குணசீலம் தாண்டியாயிற்று. முசிறியும் தாண்டியாயிற்று. நாலு விரல் எல்லாருக்கும் முன்னால் போனார், எனக்கே ஆச்சரியம். முசிறிக்கு அப்பால் வாழைத்தோப்புப் பக்கம் திரும்பும்போது உஸ் என்றது. கருவேல முள்.

அவர் யாரையும் பார்க்கவில்லை. உட்கார்ந்தார், கழற்றினார், ட்யூப் மாற்றினார். டயர் புதிது. மறுபடி ஏற்ற ஆரம்பித்தார். விரல் நுனி வெள்ளையாகப் போனது. பதினைந்து நிமிஷம் ஆனது. கேப்டன் இன்னும் ஐந்து நிமிஷம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏத்துங்க."

ஏற்றினேன். மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். முன் சீட்டில் உட்காருங்கள் என்றேன். அவர் கேட்கவில்லை. பின்னால் தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில், சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கண்ணாடியில் பார்த்தேன். இன்னமும் அழுத்திக்கொண்டிருந்தார்.

ஒரு கிராமத்து வேகத்தடை. வெள்ளைக் கோடு இல்லை, நான் கவனிக்கவில்லை. வண்டி தூக்கிப் போட்டது. பின்னால் டப் என்று ஒரு சத்தம். மனுஷன் விழுந்துவிட்டார் என்று பிரேக் போட்டேன்.

விழவில்லை. சக்கரத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். டயர் ஏறிவிட்டது.

இறங்கினார். ட்யூப் உள்ளே இருக்கிறதா என்று என்னையும் ஒருமுறை பார்க்கச் சொன்னார். இருந்தது. சக்கரத்தை மாட்டினார். காற்று அடித்தார். சைக்கிளில் ஏறி உட்கார்ந்தார். உடனே கிளம்பாமல் கேட்டார்.

"இது ஏத்துன கணக்குல வருமா தம்பி?"

"தெரியல சார். மிதிங்க."

தொட்டியத்தில் மற்றவர்கள் ஒரு டீக்கடை வாசலில் பழம் தின்றுகொண்டிருந்தார்கள். நாலு விரல் சைக்கிளிலேயே வந்து நின்றார். கேப்டன் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"ஏத்துனீங்கள்ல?"

"ஏத்தினேன் சார். எறங்கிட்டாரு."

கேப்டன் யோசித்தார். சொன்ன சொல்லைத் தானாக மாற்ற அவருக்கு மனசு இல்லை. ஓட்டுக்கு விடலாம் என்றார்.

பாய் பழத்தோலைக் கீழே வைத்தார். "கேப்டன், நான் ஒண்ணு சொல்றேன். இன்னைக்கு அந்த முள்ளு குத்துன எடத்துக்கப்புறம் நாம எங்கயாச்சும் நின்னமா? நேரா வந்தோம். என் கால் ரெண்டும் போச்சு. இவரு பஞ்சர் ஆகுறதாலதான் இத்தன நாளா நான் ஒக்காந்து ஒக்காந்து வர்றேன்."

டாக்டரம்மா சிரித்தார். தன் முழங்கால் இத்தனை மாதம் தாங்கியதும் அதனால்தான் என்றார். வெல்டர் தம்பி, போன் பேசவும் பீடி குடிக்கவும் அப்போதுதான் நேரம் கிடைக்கிறது என்றான். அண்ணன் அவனை முறைத்தான், பீடி விஷயம் அவனுக்கு அதுவரை தெரியாது. சாமி நாலு விரலுக்கு ஒரு பழத்தை உரித்துக் கொடுத்தார்.

அவர் தொடர்ந்து வரவேண்டும் என்பவர்கள் கை தூக்கலாம் என்று கேப்டன் சொன்னார். சொல்லிக்கொண்டே முதலில் தூக்கினார். எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது, நான் வாடகைக்கு வந்தவன். நானும் தூக்கினேன். நாலு விரலும் தூக்கினார், நீங்க தூக்கக்கூடாது சார் என்று யாரும் சொல்லவில்லை.

கேப்டன் எண்ணினார்.

எட்டு.