பூட்டுப் போட்ட குளிர்

"இந்த வீட்ல ஒரு மனுஷன் நிம்மதியா உக்கார முடியுதா? உன் ஃபேன் காத்துல என் முட்டி ரெண்டும் மரத்துப் போச்சு!"

என் கணவர் இதைச் சொன்னது, காக்கைகூட நிழல் தேடும் ஒரு வெயில் காலைப் பத்து மணிக்கு. அடுப்பில் இரண்டு பர்னர் எரிகிறது. எனக்கு வயது ஐம்பத்தொன்று. அந்த வயதில் உள்ளுக்குள்ளும் ஒரு பர்னர் எரியும். அதற்குத் திருகு கிடையாது.

"அப்ப முட்டியைக் கழட்டி மாடியில காய வைங்க," என்றேன். நான் கான்வென்ட்டில் படித்தவள். குரலை உயர்த்த மாட்டேன்.

ஃபேன் இல்லாமலே வீட்டைக் குளிர வைக்கிறேன் என்று அன்றே சபதம் எடுத்தார். பத்தாம் நாள் என் தோட்டம் இருந்த இடத்தில் பள்ளம் இருந்தது. விளிம்பில் நின்று பாடம் எடுத்தார்.

"பத்தடிக்குக் கீழ பூமி வருஷம் பூரா ஒரே பதத்துல இருக்கும். அங்க குழாயைப் புதைச்சுத் தண்ணியை ஓட விட்டா, வெயில் காலத்துல வீட்டுச் சூட்டை மண்ணுல இறக்கிட்டு வந்துடும். குளிர் காலத்துல மண்ணுச் சூட்டை வீட்டுக்குள்ள கொண்டு வந்துடும். புரியுதா?"

"புரியுது. ஆறடியிலேயே வெயில், குளிர், பெண்டாட்டி எதுவும் தெரியாதுன்னு கேள்வி. எதுக்கு இன்னும் நாலடி?"

அவர் சிரிக்கவில்லை. நானும் மேற்கொண்டு தடுக்கவில்லை. காரணம், எனக்கும் ஓர் ஆசை. சமையலறை குளிரும். வியர்க்காமல், யாரும் எட்டிப் பார்க்காமல், அரை மணி நேரம் தனியாக நிற்கலாம். செடி போனால் போகட்டும்.

பம்ப் வந்தது. அதோடு ஒரு சின்னப் பெட்டியும் வந்தது. சுவரில் உட்கார்ந்து, தன்னைச் சுற்றியிருக்கும் சூட்டை அளந்து, பம்புக்கு உத்தரவு போடுவது அதுதான். வீட்டுக்கே ஒன்று. அதைத் தன் அறையில் மாட்டி, இருபத்தொன்பது டிகிரியில் வைத்து, மேலே ஓட்டைகள் உள்ள பிளாஸ்டிக் மூடி போட்டுப் பூட்டினார். சாவி அரைஞாணில்.

ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அலுவலகத்தில் முப்பது வருடம் ஸ்டேஷனரி அலமாரிச் சாவி வைத்திருந்தவர். காலி ரீஃபிலைக் காட்டினால்தான் புது ரீஃபில் கொடுப்பார்.

"சமையலறை கொதிக்குதுங்க. கொஞ்சம் குறைங்களேன்."

"இங்க சரியாத்தானே இருக்கு?"

பொய் சொல்லக் கூடாது என்று சிஸ்டர்கள் சொல்லித் தந்திருக்கிறார்கள். கெட்டிலை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லித் தரவில்லை. தினமும் அவருக்கு வெந்நீர் கொண்டுபோய், அந்தப் பெட்டிக்கு நேர் கீழே இருந்த அலமாரித் தட்டில் வைத்தேன். ஆவி ஓட்டை வழியாக ஏறியது. வீடு பற்றி எரிகிறது என்று நினைத்த பெட்டி, குளிரைக் கொட்டச் சொல்லிப் பம்பை விரட்டியது. மூன்றாம் நாள் அவர் ஸ்வெட்டரில் இருந்தார். ஐந்தாம் நாள் குல்லாய். நான் சமையலறையில் முணுமுணுத்துப் பாடினேன்.

ஆறாம் நாள் பம்ப் மெக்கானிக் வந்தார். பெட்டியைப் பார்த்தார். தட்டில் கெட்டில் பதித்த வட்டத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கல்யாணமானவர் போலிருக்கிறது.

"மெஷின்ல கோளாறு இல்ல சார். பெட்டி இருக்கற இடம்தான் தப்பு. நாள் பூரா ஆள் புழங்கற இடத்துல இருக்கணும்."

"அப்படின்னா?"

"சமையலறை சார். மூடியை எடுத்துடறேன், அடுப்புச் சூட்டுல இளகிடும்."

என் கணவர் பூட்டைத் திறந்தபோது இருந்த முகத்தை நான் சட்டம் போட்டு மாட்டியிருக்க வேண்டும்.

மறுநாள் பத்து மணி. இருபத்துமூன்றில் வைத்தேன். கழுத்தில் வியர்வை இல்லை. அக்கம்பக்கத்தில் ஆள் இல்லை. அந்த சுகம் பதினோரு நிமிடம் நீடித்தது.

பிறகு நாற்காலி இழுபடும் சத்தம். ஸ்வெட்டர், குல்லாய், பேப்பர், எல்லாவற்றோடும் வந்து பெட்டிக்கு அடியில் உட்கார்ந்தார்.

"என்ன இது?"

"பூட்டு இல்லாத பெட்டியை ஆள் இல்லாம விட முடியுமா? ஆமா, வெங்காயத்தை இவ்வளவு தடிமனாவா நறுக்குவாங்க?"

இது மூன்றாவது மாதம். காலை எட்டுக்கு வந்தால் சாப்பாட்டுக்குக்கூட எழுவதில்லை, இங்கேயே தட்டு. கடுகு தாளிப்பதற்கு யோசனை சொல்கிறார். நான் கெட்டில் பக்கம் போனாலே கூடவே எழுந்து வருகிறார். சமையலறை சொர்க்கம் மாதிரி குளிர்கிறது.

"என்னங்க... ஒரு பத்து நிமிஷம், உங்க ரூமுக்குப் போய் உக்காருங்களேன்?"