முன்வாசல் சத்தியாக்கிரகம்

இனிமேல் எந்தக் கட்டடத்துக்குள்ளும் பின்வாசலால் நுழைவதில்லை என்று சபதம் எடுத்தேன். எடுத்த இடம் எங்கள் கார். ஓட்டிக்கொண்டிருந்தது என் மனைவி இராசமலர். அவள் சபதத்தைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

என் கால்கள் போலியோவில் சின்ன வயதிலேயே பென்சன் வாங்கிவிட்டன. சக்கர நாற்காலியில்தான் என் சவாரி. ஆகவே நாங்கள் குடியேறிய ஒக்லாந்து நகரில் எனக்குத் தெரியாத பின்வாசல் கிடையாது. வங்கி என்றால் குப்பைத்தொட்டிப் பக்கம். கலியாண மண்டபம் என்றால் கிடாரம் கழுவுகிற பக்கம். மாப்பிள்ளை முகத்தைப் பார்க்குமுன் சமையற்காரர் முகத்தைப் பார்த்துவிடுவேன்.

அன்று மனுகாவ் தாண்டி, எல்டர்கோட் மாளிகை பார்க்கப் போனோம். பழைய காலத்து வெள்ளைக்காரத் துரை ஒருவர் கட்டிய பண்ணை வீடு. 'எல்லோரும் வருக' என்று பேப்பரில் போட்டிருந்தார்கள்.

"பின் சீற்றிலை என்னப்பா பெட்டி?" என்று இராசமலரைக் கேட்டேன்.

"மீன் றோல்ஸ்."

"ஆருக்கு?"

"வீட்டுக்காரருக்கு. ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடை போறதே?"

"துரை செத்து எழுபது வருசம்."

"அப்ப பிள்ளையள் இருப்பினம்."

"இது காசு குடுத்து ரிக்கற் எடுத்துப் பாக்கிற இடமப்பா."

"அதுக்காக மரியாதையை விடேலுமே?"

மாளிகையின் முன்னால் அகலமான படிகள். மேலே முத்துமாலையோடு மிசிஸ் பெனிங்டன் என்ற அம்மையார் நின்றார். சம்பளமில்லாமல் வீட்டைக் காட்டுகிறவர்.

"உங்களுக்கென்றே விசேஷ ஏற்பாடு உண்டு" என்றார். விசேஷ ஏற்பாடு, பின்பக்கம் சமையல் நடக்கிற குசினியின் வாசலில் சரிவாகப் போட்ட இரண்டு பலகை. "சரித்திரப் பெருமை வாய்ந்த வாசல். துரை காலத்தில் நிலக்கரி அதனால்தான் உள்ளே போனது."

நிலக்கரிக்குப் பிறகு நான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெட்கமாகவும் இருந்தது. நிலக்கரி வாசல் ஆளென்று ரிக்கற் காசில் பாதி திருப்பித் தந்தார்களா? இல்லை.

"முன்வாசலால்தான் வருவேன். அதுவரை அசையமாட்டேன்" என்று படிக்கு நேரே என் சக்கரக் கதிரையை நிறுத்திப் பிரேக் போட்டேன். "இராசமலர், நீயும் இரு."

"றோல்ஸ் ஆறிப்போம்" என்று அவள் குசினிப் பக்கம் போய்விட்டாள். போராட்டம் தொடங்கிய உடனேயே கட்சி உடைந்தது.

சனம் வந்தது. எனக்கு ஆதரவு தருவார்கள் என்று நினைத்தேன். ரிக்கற்றை நீட்டினார்கள். நானும் கிழித்துக் கொடுத்தேன், வேறென்ன செய்ய? ஒரு கிழவர் தன் நாயையும் என்னிடம் பிடிக்கத் தந்துவிட்டுப் போனார். பிறகு தூறல் தொடங்கியது. உள்ளே குசினியில் இராசமலரும் அங்கே வேலை செய்கிற பெண்களும் கொல்லென்று சிரிக்கிற சத்தம் கேட்டது. நாயும் நானும் நனைந்தோம்.

கிழவர் நாயைக் கூட்டிக்கொண்டு போன பிறகு, இரண்டு பேர் பலகைகளைத் தூக்கி வந்து முன்படியில் போட்டார்கள். பின்னால் இராசமலர்.

"நீங்கள் வெண்டிட்டியள். வாங்கோ."

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஏறினேன். தள்ளியவர்களுக்கு மூச்சு வாங்கியது, எனக்குப் பெருமை தாங்கவில்லை. துரை நுழைந்த அதே வாசலால் நுழைந்தேன். முன்கூடத்தில் ஒரு மான் தலை தொங்கியது. அதைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது. அதற்குமேல் பார்க்க அங்கே ஒன்றுமில்லை. ஒரு பக்கம் மாடிப்படி. மறு பக்கம் ஒடுக்கமான கதவு.

"இஞ்சாலை எப்பிடியப்பா உள்ளுக்குப் போறது?"

"உங்கடை கதிரை போகாது. நான் அப்பவே பாத்தனான். குசினிப் பக்கத்தாலை வந்தால் வீடு முழுக்கச் சுத்தலாம். சாப்பாட்டு வண்டில் போறதுக்கெண்டு அந்தப் பக்கத்துக் கதவெல்லாம் அகலமாய் விட்டிருக்கினம்."

"முதலே சொல்லியிருக்கலாமே?"

"சத்தியாக்கிரகத்துக்கை குறுக்கை கதைக்கலாமே?"

பல்லைக் கடித்தேன். "சரி, பின்பக்கம் தள்ளு."

"கொஞ்சம் பொறுங்கோ. அங்கை கிடந்த பலகையைத்தான் இஞ்சை போட்டிருக்கினம். நீங்கள் இறங்கின பிறகுதான் திருப்பி அங்கை போடலாம். அந்த முத்துமாலை மனுசியிட்டை நீங்களே கேளுங்கோ, நான் ஒருக்காக் கேட்டிட்டன்."

கேட்டேன். என் வாயாலேயே, 'தயவுசெய்து' போட்டு, பின்வாசலைக் கேட்டேன்.