கண்ணப்பன் தூங்குவதில்லை

கண்ணப்பன் மறுபடியும் தூங்கவில்லை. காலையில் லேப்டாப்பைத் திறந்ததுமே அர்ஃபாவுக்கு அது தெரிந்துவிட்டது. முந்தின நாள் மாலையிலிருந்து விடியும்வரை அவருடைய திருத்தங்கள் வந்து குவிந்திருந்தன.

அர்ஃபா பழவேற்காட்டில் வீட்டிலிருந்தபடியே ஒரு சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறவள். ஏரிக்குப் போகிறவர்கள் காற்றையும் நீர்மட்டத்தையும் போனில் பார்த்துக்கொள்ள, ஓய்வு நேரத்தில் ஓர் ஆப் எழுதியிருந்தாள். ஒருமுறை அது பலத்த காற்றை இளங்காற்று என்று காட்டிவிட்டது. அதை நம்பிப் போன படகொன்று கவிழப் பார்த்தது. இனித் தன் ஒருத்தியின் கண் போதாது என்று பயந்துபோய், ஆப்பின் நிரல் முழுவதையும் ஓப்பன் சோர்ஸாக இணையத்தில் வைத்தாள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தி அனுப்பலாம்.

வந்தது கண்ணப்பன் ஒருவர்தான். ஏரிக்கரையில் தோணிரேவு என்ற ஊர்க்காரர் என்பதற்குமேல் எதுவும் தெரியாது. முதலில் காற்றுக் கணக்கைச் சரிசெய்தார். பிறகு, எளாவூருக்கு அந்தப் பக்கம், ஆந்திர எல்லை ஜனங்களுக்காக எல்லாவற்றையும் தெலுங்கிலும் எழுதிக்கொடுத்தார். ஏரியில் எங்கே சேறு, எங்கே மணல் மேடிட்டிருக்கிறது என்று படத்தில் குறித்தார். ஒரே மனிதருக்கு இத்தனையும் தெரியுமா என்று அர்ஃபா பிரமித்தாள். முகம் தெரியாத ஒருவர் தானாக வந்து, இவ்வளவையும் சும்மா கொடுத்துவிட்டுப் போகிறார். அவர் அனுப்பியதைப் படித்துவிட்டு, சில நாள் கம்பெனி வேலையே ஓடாமல் உட்கார்ந்திருப்பாள்.

"அந்தாளு படுத்துட்டா உன் ஆப்பும் படுத்துக்கும்," என்றான் கணவன் ஹாமித்.

அன்றிலிருந்து பயம் பிடித்துக்கொண்டது. கொஞ்சம் ஓய்வெடுங்கள் என்று எழுதினாள். சரி, தூங்கப் போகிறேன் என்று பதில் வந்தது. அதன் பின்னாலேயே மூன்று திருத்தங்கள் வந்தன. அவர் பாரத்தைக் குறைக்க, ஒருவர் ஒரு நாளைக்கு ஒரு திருத்தம்தான் அனுப்பலாம் என்று விதி போட்டாள். மறுநாள் காற்று, சேறு, தெலுங்கு எல்லாம் ஒன்றாகக் கலந்து ஒரே திருத்தமாக வந்து விழுந்தது. ஆப் திறக்கவே மறுத்தது. விதியை எடுத்துவிட்டாள்.

வீட்டில் உங்களை யாரும் கவனிப்பதில்லையா என்று கேட்டுப் பார்த்தாள். மூன்று பிள்ளைகள், ஒன்றும் சொன்ன பேச்சு கேட்பதில்லை என்றார். அடுத்த நாள், எனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை அக்கா என்றார்.

வெள்ளிக்கிழமை நிலைமை அதைவிட மோசமானது. கண்ணப்பன் ஒரு திருத்தம் அனுப்பினார். அதற்குக் கீழே கண்ணப்பனே, "எவன்டா இத எழுதுனது? வாடைக்காத்துக்கும் கச்சான்காத்துக்கும் வித்தியாசம் தெரியாதவன்," என்று எழுதினார். அதற்கும் கீழே கண்ணப்பன் மன்னிப்புக் கேட்டிருந்தார்.

அர்ஃபாவின் கண் கலங்கியது.

"என் ஆப்பால ஒரு நல்ல மனுஷனுக்கு புத்தி பேதலிச்சுப் போச்சுங்க," என்றாள்.

ஹாமித் பைக்கை எடுத்தான். நோயாளியைப் பார்க்கப் போகிற மாதிரி சாத்துக்குடி வாங்கிக்கொண்டு இருவரும் தோணிரேவுக்குப் போனார்கள். கரையில் காசியம்மாள் என்றொரு பெண் வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தாள். கண்ணப்பன் வீடு எது என்று ஹாமித் விசாரித்தான். இன்னாத்துக்கு என்று அவள் நிமிர்ந்தாள். காற்று பார்க்கிற ஆப்பை எழுதியவள் தான்தான் என்றும், அதற்காக உழைத்து உழைத்தே அவருக்கு உடம்பு கெட்டுவிட்டது என்றும், காலில் விழுந்தாவது அவரை ஓய்வெடுக்கச் சொல்ல வந்திருப்பதாகவும் அர்ஃபா சொல்லி முடித்தாள்.

காசியம்மாள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"அது ஆளு இல்லம்மா, எங்க படகு பேரு. அதுல ஏறுற ஆம்பளைங்க, கரையில நிக்கிற நாங்க, பொன்னேரி காலேஜுக்குப் போற பொண்ணுங்க, அத்தினி பேருக்கும் ஒரே பாஸ்வேர்டுதான்."