சுறாவுடன் நானூறு மீட்டர்

திங்கட்கிழமை காலை எட்டேகால் மணிக்கு, வேறு யாரும் வருவதற்கு முன்பே வந்து, ஆபீஸ் அறிவிப்புப் பலகையின் முன்னால் கையில் ரப்பருடன் நின்றுகொண்டிருந்தார் ஓட்டக்காரர். தன் பெயரைத் தேய்த்துப் பார்த்தார். அழியவில்லை. பேனா மையை ரப்பரால் அழிக்க முடியாது என்பது பள்ளிக்கூடத்திலேயே தெரிந்த விஷயம்தான். ஆனால் வசமாக மாட்டிக்கொண்ட நேரத்தில் மனிதன் எதையும் ஒருமுறை முயன்று பார்ப்பான்.

லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி அது. அவருடைய வேலை போன் எடுப்பது. ஊரில் எந்த லிஃப்ட் நடுவழியில் நின்றாலும், உள்ளே மாட்டிக்கொண்டவர் அழுத்தும் பொத்தான் இவர் மேஜையில்தான் வந்து அலறும். "பதறாதீங்க. கதவைப் பிடிச்சு இழுக்காதீங்க. மூச்சை மெதுவா விடுங்க. ஆள் வந்துட்டே இருக்கார்" என்று பதினான்கு வருடமாகச் சொல்லிவருகிறார். தினமும் விடிந்ததும் எட்டு கிலோமீட்டர் ஓடிவிட்டு வேலைக்கு வருவதால், ஓட்டக்காரர் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

வினை வெள்ளிக்கிழமை டீ நேரத்தில் வந்தது. மேனேஜர் ஒரு காகிதத்தை ஆட்டிக் காட்டினார். "ஏரிக்கரையில ஒரு போட்டி வருது. ஓட்டம், அது இதுன்னு என்னமோ போட்டிருக்கான். நம்ம சார்பா யார் போறீங்க?"

ஓட்டம் என்ற சொல் காதில் விழுந்ததும் இவர் கை தானாக உயர்ந்துவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்த ஸ்டோர்ஸ் அதிகாரி, "அவரே போறார்னா நானும் போறேன்" என்று தன் கையையும் தூக்கினார். இருவரும் பெயரை எழுதிக் கையெழுத்தும் போட்ட பிறகுதான் மேனேஜர் மிச்சத்தைப் படித்தார். ட்ரையத்லான். முதலில் ஏரியில் நானூறு மீட்டர் நீச்சல். அடுத்து இருபது கிலோமீட்டர் சைக்கிள். அதற்கெல்லாம் பிறகு உயிர் மிச்சமிருந்தால் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம்.

ஓட்டக்காரருக்கு நீச்சல் தெரியாது. முகம் கழுவும்போதே மூச்சைப் பிடித்துக்கொள்கிற ரகம்.

ஸ்டோர்ஸ் அதிகாரிக்கோ ஆபீஸில் சுறா என்றுதான் பெயர். இளவயதில் வெள்ளம் போன ஆற்றை ஒரே மூச்சில் நீந்திக் கடந்த கதையை அவர் சொல்லாத விருந்தே கிடையாது. சொல்லச் சொல்ல ஆறு அகலமாகிக்கொண்டே போகும்.

"என்னப்பா, பேரை அடிக்கிறியா?"

ஓட்டக்காரர் துள்ளித் திரும்பினார். பின்னால் சாவிக்கொத்துடன் சுறா.

"சேச்சே! எழுத்து மங்கலா இருக்கு. அழுத்தி எழுதலாம்னு..."

"அடிக்கணும்னா அடி. தப்பே இல்ல. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

இந்த ஏளனம் நெஞ்சில் தைத்தது. ஓட்டக்காரர் பேனாவை எடுத்து, ஏற்கெனவே இருந்த பெயரின் மேல் மூன்று முறை அழுத்தி எழுதினார். கீழே ஒரு கோடும் போட்டார். சுறா ஸ்டோர்ஸுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஒன்பது மணிக்கு மேனேஜர் பலகையைப் பார்த்தார். "ஆர்வம்னா இப்படி இருக்கணும்!" என்று, மாலைக்குள் இரண்டு பேரின் படத்தையும் போட்டு வாசலில் பேனர் கட்டச் சொல்லிவிட்டார். 'எங்கள் சிங்கமும் எங்கள் சுறாவும்' என்று அதில் எழுதியிருந்தது.

வீட்டில் மனைவி அன்றைய அலைச்சலோடு கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். சலூனில் முடி வெட்டுகிறவள். நாள் முழுக்க அடுத்தவர் கதையைக் கேட்டுக் கேட்டு, எந்தக் கதைக்கும் அசராத மனசு அவளுக்கு.

"நேராப் போய் 'எனக்கு நீச்சல் தெரியாது'ன்னு சொல்லிட வேண்டியதுதானே?"

"சுறா சிரிப்பார்."

"சிரிக்கட்டுமே. அவர் சிரிச்சா உங்களுக்கு மூக்குல தண்ணி போகுமா?"

"உனக்குப் புரியாது. இது மானப் பிரச்சினை."

"சரி. மானம் மிதக்குமான்னு விசாரிச்சு வெச்சுக்கோங்க" என்று அவள் விளக்கை அணைத்தாள்.

மானமும் போகாமல், உயிரும் போகாமல் தப்பிக்க வழி, டாக்டர்தான் என்று அவருக்குத் தோன்றியது. மறுநாளே கம்பெனி டாக்டரிடம் போனார்.

"டாக்டர், ஓடினா மூச்சு வாங்குது."

"ஓடினா வாங்கத்தான் செய்யும். உட்கார்ந்திருக்கும்போது வாங்கினா இங்க வாங்க."

"இல்ல டாக்டர், ஒரு போட்டிக்குப் பேர் குடுத்திருக்கேன். ட்ரையத்லான். உடம்பு தாங்குமான்னு சந்தேகமா இருக்கு. தாங்காதுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா..."

டாக்டர் நாடி பார்த்தார். நெஞ்சில் குழாயை வைத்தார். மறுபடி நாடி பார்த்தார். பிறகு நர்ஸை உள்ளே கூப்பிட்டு, "இங்க வந்து இதைக் கேளும்மா. நாற்பத்திரண்டு வயசு நெஞ்சு மாதிரியா இருக்கு? கடிகாரம் மாதிரி அடிக்குது!" என்று அவளுக்கும் குழாயைக் கொடுத்தார். இருவருமாக ரசித்துக் கேட்டார்கள்.

அவர் ஆபீஸுக்குத் திரும்புவதற்குள், முழு உடல் தகுதி என்று டாக்டர் எழுதிய சான்றிதழ் மேனேஜரின் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. "அப்பாடா!" என்றார் மேனேஜர். "உடல் தகுதிச் சான்று வரலைன்னா சாயங்காலம் உன் பேரை நீக்கிடுவோம்னு இப்பதான் போன் பண்ணினாங்க. நல்லவேளை, நீயே போய் வாங்கிட்டே!"

ஓட்டக்காரர் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்து, அலறிக்கொண்டிருந்த போனை எடுத்தார்.

அடுத்த வாரம் சுறா டீக் கோப்பையுடன் அவர் மேஜைக்கே வந்துவிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "முட்டி எப்படிப்பா இருக்கு?" என்றார்.

"முட்டிக்கென்ன?"

"இத்தனை வருஷம் ஓடியிருக்கே. தேய்ஞ்சிருக்கும். வலி இருந்தா கூச்சப்படாம சொல்லு. மேனேஜர்கிட்ட நானே பேசறேன்."

எதிராளியின் மனதைக் கலைக்கிற வேலை இது என்று ஓட்டக்காரருக்குப் பட்டது. விடலாமா? "முட்டி இரும்பு மாதிரி இருக்கு சார். காலையில ரெண்டாயிரம் மீட்டர் நீச்சல் வேற அடிக்கறேன் இல்லையா, அதனால மூட்டெல்லாம் நல்லா விட்டுக் குடுக்குது."

"ரெண்டாயிரமா?"

"இன்னிக்குக் கொஞ்சம் கம்மி."

சுறாவின் கோப்பை சாய்ந்து, டீ சட்டையில் கொட்டியது. அதைத் துடைத்துக்கொள்ளாமலே அவர் திரும்பிப் போனார். பொறாமை, என்று நினைத்துக்கொண்டார் ஓட்டக்காரர். அந்தத் திருப்தி கால் மணி நேரம் நீடித்தது. அப்புறம்தான், ஊரறிய இரண்டாயிரம் மீட்டர் நீந்தும் ஆளாக ஆகிவிட்டோம் என்பது உறைத்தது.

இனி ஒரே வழிதான் பாக்கி. நிஜமாகவே நீந்தக் கற்றுக்கொள்வது.

ஊரின் மறுகோடியில், தெரிந்தவர் யாரும் வராத ஒரு நீச்சல் குளத்தைக் கண்டுபிடித்தார். காலை ஆறு மணி வகுப்பு. சொல்லிக்கொடுப்பவர் கழுத்தில் விசில் போட்ட, குரலே விசில் மாதிரியான ஓர் அம்மா. கூடப் படித்தவர்கள் ஓய்வுபெற்ற ஐந்து ஆசிரியைகள். முதல் நாள் பாடம், தண்ணீருக்குள் முகத்தை வைத்துக் குமிழி விடுவது. ஐந்து பேரும் விட்டார்கள். இவர் குளத்தோரக் கம்பியைப் பிடித்த கையை விடவில்லை.

"பயப்படாதீங்க தம்பி" என்றார் கணக்கு டீச்சர். "இடுப்பளவு தண்ணிதான்."

"பயமெல்லாம் இல்ல டீச்சர். இது குளிருக்கு வர்ற நடுக்கம்."

"வெந்நீர்க் குளமாச்சே இது?"

ஐந்து டீச்சர்களும் அவரைத் தத்து எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் தலையைப் பிடித்தார், ஒருவர் காலைப் பிடித்தார், ஒருவர் "விடு, விடு, விடு" என்று மூச்சுக்குத் தாளம் போட்டார். மூன்றாவது வாரம் ஐந்து மீட்டர் போனார். ஆறாவது வாரம் குளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது, ஐந்து பேரும் கைதட்டினார்கள். வேலை கிடைத்த நாள்கூட அவருக்கு இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. மனைவியிடம் ஓடிவந்து சொன்னார்.

"எத்தனை மீட்டர்?"

"இருபத்தஞ்சு!"

"மிச்சம் முந்நூத்தி எழுபத்தஞ்சு" என்றாள் அவள். ஆனால் அன்றிலிருந்து ஐந்து மணிக்கு அவள்தான் அவரை எழுப்பிவிட்டாள்.

போட்டி நாள் வந்தது. ஏரி, குளம் மாதிரி நீலமாக இல்லை. கறுப்பாக, அடி தெரியாமல் கிடந்தது. கம்பியும் இல்லை, டீச்சர்களும் இல்லை. கரையில், வழுக்கை போலத் தலையை ஒட்டிய நீச்சல் தொப்பி மாட்டிய நூற்றைம்பது பேர். பக்கத்திலேயே, உடம்பை ஒட்டிய கறுப்பு உடையில் அசல் சுறாவாகவே சுறா. கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு" என்றார் கண்ணைத் திறக்காமலே. "ஏதாவது சொல்லணும்னா சொல்லுப்பா."

ஓட்டக்காரர் வாயைத் திறந்தார். உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. "எனக்கு... ஒண்ணுமில்ல சார். உங்களுக்கு?"

"எனக்கென்ன?"

விசில் ஊதிவிட்டார்கள்.

முதல் நூறு மீட்டரில் அவர் காதை ஒருவர் உதைத்தார், நீச்சல் கண்ணாடியை இன்னொருவர் உதைத்தார். இருநூறில் ஏரி வாய்க்குள் வந்தது. கால் தரையைத் தேடியது, தரை இல்லை. கையைத் தாறுமாறாக அடித்தார். அப்போது எங்கிருந்தோ ஒரு குரல் கேட்டது. 'பதறாதீங்க. மூச்சை மெதுவா விடுங்க. ஆள் வந்துட்டே இருக்கார்.' பதினான்கு வருடக் குரல். அவருடைய குரலேதான். மல்லாந்து படுத்தார். வானத்தைப் பார்த்தார். இங்கே வருவதற்கு வேறு ஆள் இல்லை, தான்தான் வந்தாக வேண்டும் என்று தெரிந்ததும், திரும்பிக் குப்புற விழுந்து, ஒரு கை, மறு கை என்று எண்ண ஆரம்பித்தார். கரை முட்டியில் இடித்தபோதுதான் நிறுத்தினார்.

சைக்கிளில் எல்லோரும் அவரை முந்தினார்கள். ஓட்டத்தில் சிலரை அவர் முந்தினார். கடைசிக் கிலோமீட்டரில், இடுப்பில் கை வைத்து ஒரு கறுப்பு உருவம் தள்ளாடிப் போய்க்கொண்டிருந்தது.

மூன்று மாதமாக அவர் கனவில் வந்த காட்சி இதுதான். சுறாவைத் தாண்டிப் போவது. பக்கத்தில் போய் அந்த முகத்தைப் பார்த்தார். கனவு சப்பென்று போய்விட்டது.

"நீ போப்பா" என்றார் சுறா.

"தோளைப் பிடிச்சுக்கோங்க சார்."

இரண்டு பேரும் ஒன்றாகவே கோட்டைத் தாண்டினார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் நான்கு பேர். மனைவி துண்டை அவர் தலையில் போட்டு, யாருக்கும் தெரியாமல் அதே துண்டின் நுனியால் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு இன்னொரு பெண் ஓடிவந்தாள். சுறாவின் மனைவி. ஓட்டக்காரர் அவளை அன்றுதான் முதல்முறை பார்த்தார். கணவரைப் புல்லில் உட்காரவைத்து, வாயில் தண்ணீர் ஊற்றி, உயிர் இருக்கிறது என்று நிச்சயமானதும், இடுப்பில் கையூன்றி ஓட்டக்காரர் பக்கம் திரும்பினாள்.

"ஏன் அண்ணா, ஒரே ஒரு தடவை 'நான் வரலை'ன்னு சொல்லியிருக்கக் கூடாதா? நீங்க விலகினா அடுத்த நிமிஷம் தானும் விலகிடலாம்னு மூணு மாசமா உங்க வாயையே பார்த்துட்டிருந்தாரு; நீங்க அசைஞ்சே குடுக்காததால, இந்த நாற்பத்தெட்டு வயசுல இவர் புதுசா நீச்சல் கத்துக்க வேண்டியதாப் போச்சு!"