நெருங்கிய நேயர்

உலகத்தில் பெரிய மனிதர்கள் ஒரு வகை. பெரிய மனிதர்களைத் தெரிந்தவர்கள் இன்னொரு வகை. முதல் வகையினரால் நமக்கு அதிகத் தொல்லை இல்லை. அவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள். இரண்டாவது வகையினர் நம் பக்கத்து வீட்டில் இருக்கிறார்கள். நான் இவர்களுக்கு வைத்திருக்கும் பெயர், நெருங்கிய நேயர்.

இவரை அடையாளம் காண்பது ரொம்பச் சுலபம். வானொலியில் அறிவிப்பாளர் ஒருதரம் தொண்டையைச் செருமினால் போதும், "அண்ணனுக்கு ஒடம்பு சரியில்ல போல" என்று அன்றைக்குப் பூராவும் கவலைப்படுவார். வானொலியில் பேசுகிற அத்தனை பேரும் இவருக்கு அண்ணன், அக்காதான். யட்டவத்தையில் இருக்கும் கூடப்பிறந்த அண்ணனைப் பொங்கலுக்குப் பொங்கல்தான் நினைத்துக்கொள்வார். வாரத்துக்கு ஆறு தபாலட்டை எழுதிப்போடுவார். ஆறிலும் கேட்கிற பாட்டு வேறு வேறு, பெயர் மட்டும் ஒன்று. என்ன பாட்டுப் போட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள். எப்படித் தெரியும்? பெயரை வாசித்ததுமே, அடுத்த வீட்டுக்காரர்கள் கேட்டார்களா என்று விசாரிக்க வெளியே ஓடிவிட்டாரே!

எங்கள் பக்கத்தில் இந்த வகைக்குத் தலைமகன் செல்லச்சாமி. பலாபத்வலவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. அவருடைய கண்கண்ட தெய்வம் நல்லையா என்ற வானொலி நடிகர். ஞாயிற்றுக்கிழமை நகைச்சுவை நாடகத்தில் 'அவசரம் ஆறுமுகம்' என்று ஒரு பாத்திரம் வரும், எதையும் உட்கார்ந்து கேட்கமாட்டான், எல்லோரையும் "பொறுங்கோ, பொறுங்கோ!" என்று தடுத்துவிட்டுத் தான்மட்டும் ஓடிப்போவான். அந்த ஆறுமுகத்தின் குரல்தான் நல்லையா. "ஆயிரம் பேர் பேசட்டும், இருட்டுல பேசட்டும், அண்ணன் கொரல நான் சொல்லிருவேன்" என்பார் செல்லச்சாமி. முகம்? முகத்தை யார் பார்த்தார்கள். வானொலிப் பெட்டியில் ஏது முகம்?

இப்படி இரண்டு வருஷம் போனபின், அவர் மனைவி சுந்தரம்மா ஒருநாள் வாயைத் திறந்துவிட்டாள்.

"வாரத்துக்கு ஆறு அட்டை போகுது. ஒண்ணுல எம்பேரையும் எழுதுனா என்னவாம்?"

"அட்டையில எடம் ஏதுடி?" என்றார் செல்லச்சாமி. பிறகு அவருக்கே சங்கடமாகிவிட்டது. மாத்தளை டவுனில் நல்லையா வரும் நேயர் சந்திப்பு நடக்கப்போவதாக அப்போதுதான் அறிவித்திருந்தார்கள். "அட்டை என்னாத்துக்கு? மேடையில வச்சே அண்ணன ஒம்பேரச் சொல்ல வைக்கிறேன். நான் ஒரு வார்த்தை சொன்னா போதும்."

சுந்தரம்மா இதைக் குழாயடியில் சொல்லிவிட்டாள். குழாயடியில் சொன்னது தோட்டத்து லயம் வீடுகள் பூராவும் போய்விட்டது. மேடையில் பெயர் வராவிட்டால் மறுநாள் அவள் எந்த முகத்தோடு தண்ணீர் பிடிக்கப்போவது?

அது எழுபத்தெட்டாம் வருஷம். முந்தின வருஷ இனக்கலவரத்துக்குப் பிறகு, நாங்கள் நாலு பேர் சேர்ந்து வாய்விட்டுச் சிரிப்பதற்கென்று டவுனுக்குப் போனது அதுதான் முதல் தடவை. அந்தக் கூட்டத்தைப் பார்த்தபோதே எனக்கு மனம் நிறைந்துவிட்டது. மூன்று மணிக் கூட்டத்துக்குச் செல்லச்சாமி பத்து மணிக்கே வந்து, மண்டபத்தின் பின்கதவடியில் காவல் நின்றார். கையில் மாலை. பக்கத்தில் சுந்தரம்மா, அண்ணனுக்கென்று விடியற்காலையில் எழுந்து சமைத்த ரொட்டியும் கோழிக்கறியும் உள்ள டிபன் கேரியரோடு. அலுவிகாரையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் மஹ்ரூப் நானாவும் நானும் சற்றுத் தள்ளி நின்றோம்.

இரண்டரை மணிக்குக் கசங்கின சட்டையோடு ஒல்லியான ஒருவர் வேர்த்து விறுவிறுத்து வந்து கதவைப் பிடித்தார். செல்லச்சாமி குறுக்கே கையை நீட்டினார்.

"ஆர்ட்டிஸ்ட்மார் வர்ற வழி. முன்னுக்குப் போங்க."

"தம்பி, வேன் சந்தையடியில மாட்டிப்போச்சு. நான் இறங்கி நடந்து வாறன். உள்ளுக்கை போகவேணும்."

"இப்பிடித்தான் எல்லாரும் சொல்றாங்க."

அந்த மனிதர் செல்லச்சாமியை மேலும் கீழும் பார்த்தார். பிறகு இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "பொறுங்கோ, பொறுங்கோ!" என்றார்.

செல்லச்சாமி சிரித்தார். அனுதாபச் சிரிப்பு.

"நல்லாத்தான் செய்றீங்க. ஆனா அண்ணன் கொரல் இன்னும் கனம். ரெண்டாவது பொறுங்கோவ இழுக்கணும். பொறூஊங்கோ! எங்க, சொல்லுங்க?"

"பொறூங்கோ."

"இன்னும் கொஞ்சம்."

"பொறூஊங்கோ."

"பழகப் பழக வரும்" என்று தட்டிக்கொடுத்தார் செல்லச்சாமி.

சுந்தரம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஏங்க, அவருதாங்க இவரு. எனக்குக் கொரலு தெரியுதுங்க. நாந்தான் அடுப்படியில இருந்து வாராவாரம் கேக்குறேனே!"

"சும்மா இரு. கொரல் விசயத்துல எனக்கே சொல்லித்தர்றியா?"

அந்த நேரத்தில் வேன் வந்து நின்றது. அதிலிருந்து ஆறடி உயரத்தில், வெள்ளைச் சட்டையும் சுருட்டை முடியுமாக ஒருவர் இறங்கினார். செல்லச்சாமி "அண்ணே!" என்று பாய்ந்து, மாலையைப் போட்டு, காலிலும் விழுந்து எழுந்து, தான் எழுதிய அட்டைகளின் வரலாற்றை ஆரம்பித்தார்.

"யா அல்லாஹ்! அது வேன் ஓட்டுற ஆளுல்லவா?" என்றார் மஹ்ரூப் நானா. "நான் வர்ற வழியில சந்தையடியில ஹோர்ன் அடிச்சிக்கிட்டு நின்டாரு."

மாலை விழுந்த மனிதர் திகைத்து நின்றாலும், கழற்றவில்லை. யார்தான் கழற்றுவார்கள்?

நான் திரும்பிப் பார்த்தேன். பின்படியில் அந்த ஒல்லி மனிதர் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக் கோழிக்கறியில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். காலையிலிருந்து சாப்பிடவில்லையாம். சுந்தரம்மா இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.

"அக்கா, உங்கட பேர் என்ன?" என்று அவர் கேட்டது என் காதில் விழுந்தது.

மூன்று மணிக்குத் திரை விலகியது. ஒலிவாங்கியின் முன்னால் நின்றவர் அந்த ஒல்லி மனிதர். செல்லச்சாமியின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது.

"இண்டைக்கு என்ர முதல் வணக்கம் பலாபத்வல சுந்தரம்மா அக்காவுக்கு. அவ தந்த கோழிக்கறியாலதான் நான் இப்ப நிண்டு கதைக்கிறன்."

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. சுந்தரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எல்லாம் சந்தோஷ அழுகைதான்.

"அடுத்த வணக்கம், ஆறுமுகம் எப்பிடிக் கதைக்கவேணும் எண்டு பின்கதவடியில எனக்குப் படிப்பிச்ச தம்பிக்கு. மன்னிக்கவேணும், அவற்ற பேர் எனக்குத் தெரியாது." இடுப்பில் கைவைத்தார். "பொறுங்கோ, பொறூஊங்கோ!"

மண்டபம் கிடுகிடுத்தது. செல்லச்சாமி சொல்லிக்கொடுத்தபடியே நல்லையா இழுத்தார். உண்மையைச் சொன்னால், அப்படி இழுத்தது நன்றாகத்தான் இருந்தது.

வாரத்துக்கு ஆறு தடவை எழுதிப்போட்ட பெயர், தெரியாதாம். வேறு யாராவது என்றால் வானொலிப் பெட்டியையே விற்றிருப்பார்கள். நெருங்கிய நேயர் அப்படியெல்லாம் ஓய்ந்துபோகிறவரா? மறுநாள் மஹ்ரூப் நானாவின் கடையில் அவர் கொடுத்த விளக்கம் இது:

"வேத்தாளுங்க பேரத்தான் நானா மேடையில சொல்லுவாங்க. நெருங்கினவங்க பேர மனசுல வச்சுக்குவாங்க."

"அப்ப ஒங்க வீட்டம்மா அவருக்கு வேத்தாளா?" என்றார் நானா.

செல்லச்சாமி சாமான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வீட்டில் கொஞ்சநாள் அடக்கமாகத்தான் இருந்தார். குழாயடியில் இப்போது அவருக்குப் பெயர், சுந்தரம்மா புருஷன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களுக்கு வானொலிப் பைத்தியம் இல்லை, யாருக்கும் அட்டை எழுதியதில்லை, யார் காலிலும் விழுந்ததில்லை. எந்தப் பெரிய மனிதர் பேசினாலும், கண்ணை மூடிக்கொண்டு குரலை அடையாளம் சொல்லிவிடுவீர்கள், அவ்வளவுதான். நல்லது. இதை நீங்கள் வாசித்துக்கொண்டிருக்கும்போது உங்கள் வீட்டு அடுப்படியிலிருந்து ஒரு குரல் உங்களை இரண்டு தரம் கூப்பிட்டதே, கேட்டதா?